ஏசியின் பின்பக்கம் யாருடைய வீட்டைப் பார்க்கிறது?



கச்சான் காற்று தொடங்கிவிட்டது. ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலாவது மேசன் பாஸ் சுவரை உடைத்துக்கொண்டிருக்கிறார். ஏசி வருகிறது. வரட்டும். கட்டாரில் கஷ்டப்படுகிற மகன் அனுப்பிய காசில் உம்மா நிம்மதியாகப் படுப்பதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. எங்கள் சண்டை ஏசியோடு அல்ல, அதை இந்த ஊரில் நாம் பொருத்துகிற விதத்தோடு.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் கொமென்ட்டில் யாராவது சொல்லத்தான் போகிறீர்கள். போன வருடம் பாவித்த வின்டோ ஏசி ஒன்று வாங்கினோம், 12,000 பி.ரி.யூ. ஸ்பிளிட் போல செப்புக் குழாய் இழுக்கத் தேவையில்லை, காஸ் அடிக்கத் தேவையில்லை, சுவரில் ஓட்டை போட்டுத் தள்ளினால் முடிந்தது என்று நினைத்தோம். கிழக்குச் சுவரில் வைத்தோம். அந்தப் பக்கம் மூன்றடி தள்ளி அடுத்த வீட்டு ராத்தாவின் குசினி யன்னல் இருக்கிறது. அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

ராத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. யன்னலைச் சாத்திக்கொண்டார். ஒரு நாள் கறி கொடுக்கப் போன எங்கள் மகள் திரும்பி வந்து, "பெரியம்மாட குசினிக்குள்ள நிக்க ஏலா உம்மா, ஒரே அவிச்சல்" என்றாள். அன்றைக்குத்தான் போய்ப் பார்த்தோம். அந்தக் கச்சான் முழுக்க அவர் சாத்திய யன்னலுக்குள் நின்றே சமைத்திருக்கிறார்.

வகுப்பில் வெப்பம் படிப்பிக்கிற எங்களுக்கு இது தெரியாத விஷயமா? ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. எங்களுடைய அளவு ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து எடுப்பது சுமார் 3,500 வாட். அது குடிக்கும் கரண்ட் ஆயிரத்துச் சொச்சம் வாட், அதுவும் வெப்பமாகவே வெளியே போகிறது. ஆயிரம் வாட் அயன் பெட்டி நாலரையைச் சூடாக்கி ராத்தாவின் யன்னலுக்கு நேரே பிடித்ததற்குச் சமம். நாங்கள் போர்வை போர்த்திப் படுத்துக்கொண்டு இதைச் செய்தோம்.

"என் சுவர், என் காசு" என்று ஒரு கதை ஊரில் ஓடுகிறது. சுவர் உங்களுடையதுதான். சுவருக்கு வெளியே போகிற சூடு யாருடையது? "அவர்களும் ஒன்றைப் போடட்டுமே" என்பது இன்னொரு கதை. போட்டால், அவருடைய சூட்டை உங்கள் ஏசி இழுக்கும், உங்களுடையதை அவருடையது இழுக்கும். இரண்டும் ஓடி ஓடிக் களைக்கும், பில் இரண்டு வீட்டுக்கும் ஏறும். 2022 இலும் 2023 இலும் கரண்ட் கட்டணம் ஏறியபோது கத்தினவர்கள் நாம்தானே? அயல்வீட்டாரின் உரிமை பற்றி ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ரிமோட்டைத் தேடுகிறவர்களும் நாம்தான்.

கடைக்காரர் எத்தனை பி.ரி.யூ. என்று கேட்கிறார். பின்பக்கம் எங்கே வரும் என்று கேட்பதில்லை. பாஸ் அரை மணித்தியாலத்தில் பொருத்திவிட்டுக் காசோடு போய்விடுகிறார். ஏசியின் பக்கவாட்டிலுள்ள காற்றுத் துவாரங்கள் சுவருக்கு வெளியே நிற்க வேண்டும். அவற்றைச் சீமெந்தால் மூடிய வீடுகளைப் பார்த்திருக்கிறோம். பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் வெளியே வடியும். அந்தத் தண்ணீரும் குழாய் வழியாக நம் வளவுக்குள்தான் வர வேண்டும், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில் அல்ல.

வயரிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஏசியை மல்டி பிளக்கில்தான் குத்தினோம். மூன்றாம் நாள் பிளக் கருகி மணத்தது. பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏசிக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், எர்த், இந்த மூன்றும் வேண்டும். ட்ரிப் ஸ்விட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதை டைரக்ட் பண்ணிக்கொடுக்கிற பாஸ்மார் ஊரில் இருக்கிறார்கள். அதைக் கெட்டித்தனம் என்று புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். ட்ரிப் விழுவது உங்கள் உயிரைக் காப்பாற்ற. ஏசிக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வயருக்குக் கணக்குப் பார்க்கிறோம்.

இப்போது ஏசியைக் கழற்றி வடக்குச் சுவருக்கு மாற்றிவிட்டோம். பின்பக்கம் எங்கள் கிணற்றடி, தண்ணீர் வாழைக்குப் போகிறது. ஒரு நாள் மேசன் கூலி, அரை மூடை சீமெந்து, ஒரு சுருள் வயர், அவ்வளவுதான் செலவு. பழைய ஓட்டையை அடைத்த இடத்துக்கு இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. இந்த வாரம் ஏசி போட இருக்கிறவர்கள் அஸருக்குப் பிறகு வந்து பார்க்கலாம். பார்த்துவிட்டு, பாஸை வரச்சொல்வதற்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.