வண்ணம் காய்வதற்குள்

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளின் பொருளறைகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. சென்ற ஆண்டின் தோரணங்கள், சுருட்டி வைத்த பதாகைகள், திரி எரிந்து கறுத்த குத்துவிளக்கு ஆகியவற்றுக்கு நடுவே ஒரு காலணிப் பெட்டி இருக்கும். அதற்குள் ஓர் ஏர்பிரஷ் கிடக்கும். விசையை அழுத்தினால் அசையாது. ஊசி நாசிலோடு ஒட்டிப் போயிருக்கும். கிண்ணத்தின் அடியில் எந்த ஆண்டினுடையது என்று தெரியாத ஒரு கலைவிழாவின் நீல வண்ணம் கல்லாய் இறுகியிருக்கும். "இது கெட்டுப் போச்சு, வேற வாங்கணும்" என்று யாராவது சொல்வார்கள். உண்மையில் அதற்கு நேர்ந்தது ஒன்றுதான்: மேடைத் திரையை வரைந்து முடித்த இரவில் யாரும் அதைக் கழுவி வைக்கவில்லை.

இது ஒரு கருவியைப் பற்றிய சின்ன விஷயம்தானே, இதற்கு ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் கேட்கலாம். மாணவர் அமைப்புகள் ஆண்டுக்கொரு முறை கைமாறுபவை. இன்று பொறுப்பில் இருப்பவர் அடுத்த ஆண்டு பட்டம் பெற்றுப் போய்விடுவார். அவர் விட்டுச் செல்லும் உரைகள் காற்றோடு போகும். பொருள்கள் மட்டுமே அறையில் தங்கும். எனவே அந்தப் பொருள்கள் எந்த நிலையில் தங்குகின்றன என்பது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஏர்பிரஷ் புதிய கருவியும் அன்று. 1879 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்பவர் அதன் முதல் வடிவத்தைச் செய்தார். 1890களில் சார்ல்ஸ் பர்டிக் அதைப் பேனாவைப் போல் கையில் பிடிக்கும் கருவியாகச் செம்மைப்படுத்தினார். இன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ கடையில் வாங்கும் கருவியும் அடிப்படையில் அதே வழியில்தான் இயங்குகிறது. விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். பின்னோக்கி இழுத்தால் ஊசி நகர்ந்து வண்ணத்துக்கு வழிவிடும். அந்த வழி எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பொதுவாகப் பயன்படும் நாசிலின் துளை 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரைதான். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். 0.3 மில்லிமீட்டர் துளையில் நான்கு முடியை வரிசையாக வைத்தால் இடம் தீர்ந்துவிடும். அதற்குள் ஊசியும் இருக்கிறது. ஊசிக்கும் சுவருக்கும் நடுவே எஞ்சும் இடுக்கில்தான் மயில் தோகையும் மாலை வானமும் வெளிவர வேண்டும்.

நம் மாணவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது அக்ரிலிக் வண்ணம். தண்ணீரில் கலப்பதால் அது தண்ணீரிலேயே போய்விடும் என்று நம்புகிறோம். ஈரமாக இருக்கும்வரை அது சரி. நீர் ஆவியானதும் அதிலுள்ள நுண்ணிய பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெகிழி ஏடாக மாறிவிடுகின்றன. அதன் பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. சட்டையில் பட்ட அக்ரிலிக் எத்தனை சலவைக்கும் அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்கள் இதை நம்புவார்கள். "நாளைக்குக் கழுவலாம்" என்ற சொல்லில் உள்ள கேடு இதுதான். இன்றிரவு கால் மணி நேர வேலை. நாளைக்கு அரை நாள் வேலை. அடுத்த மாதம் புதிய கருவி வாங்கும் தீர்மானம்.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்? மீதி வண்ணத்தை வெளியே ஊற்றிவிட்டுக் கிண்ணத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தண்ணீரோ அவ்வண்ணத்துக்குரிய கழுவும் திரவமோ சிறிது ஊற்றி, மூடியுள்ள கழுவும் சாடிக்குள் நிறமில்லாமல் வரும்வரை பீய்ச்ச வேண்டும். இடையில் முனையைத் துணியால் மெல்ல மூடி விசையை இழுத்தால் காற்று திரும்பி வந்து கிண்ணத்தில் குமிழியிடும். சுவரில் ஒட்டியது பெயரும். இதை ஓரளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வேகமாகச் செய்தால் வண்ணம் கருவியின் பின்பகுதிக்குள் ஏறிவிடும். கிண்ணத்தில் உள்ளது முகத்தில் தெறிக்கும். கழுவிய பிறகே ஊசியை உருவ வேண்டும். தடித்த பக்கத்திலிருந்து கூர்நுனி நோக்கி, சுழற்றியபடி துணியில் இழுத்துத் துடைக்க வேண்டும். எதிர்த் திசையில் துடைத்தால் ஊசியும் வளையும், விரலும் குத்துப்படும்.

பலர் கருவியைக் கொல்வது அழுக்கினால் அன்று, அதிகப்படியான அக்கறையினால்தான் என்பது என் எண்ணம். நாசிலைத் திருகியால் பலங்கொண்ட மட்டும் முறுக்குகிறார்கள். நூலளவு திருகுமரை உடைந்து உடலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஊசியைத் திரும்பச் செலுத்தும்போது ஓங்கித் தள்ளுகிறார்கள்; நாசிலின் வாய் விரிந்து கீறல் விடுகிறது. அதன் பிறகு எவ்வளவு கழுவினாலும் அது துப்பும், தூவாது. முழுக் கருவியையும் இரவெல்லாம் தின்னரில் ஊறப் போடுபவர்களும் உண்டு. உள்ளேயிருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிப்போய், காலையில் காற்று எல்லாப் பக்கமும் கசியும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவமும் நாளடைவில் பித்தளையை அரிக்கும். சைக்கிள் சங்கிலிக்குப் போடும் எண்ணெயை ஊசியில் தடவுவதும் வேண்டாம். அதில் சிலிகோன் இருந்தால் அடுத்த ஓவியத்தில் வண்ணம் ஒட்டாமல் குழி குழியாக விலகும். ஏர்பிரஷுக்கென்றே விற்கும் மசகில் ஒரு துளி போதும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தையும் மறந்துவிடக் கூடாது. கம்ப்ரஸரின் தொட்டியில் தண்ணீர் தேங்கும். வேலை முடிந்ததும் அடியிலுள்ள குமிழைத் திறந்து அதை வடித்துவிடாவிட்டால், அடுத்த முறை வானம் வரையும்போது நடுவே நீர்த்துளி தெறித்து விழும்.

கருவியை விட எனக்குக் கவலை தருவது அதைக் கழுவுபவரின் நெஞ்சு. வரையும்போது சன்னலைத் திறந்து வைப்பவர்கள் கூட, நள்ளிரவில் கழுவும்போது கழிவறைக்குள் நின்று தின்னரைப் பீய்ச்சுகிறார்கள். ஹார்ட்வேர் கடைத் தின்னரில் பெரும்பாலும் டொலுவின் இருக்கும். அது ஏறத்தாழ 4 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடும். நம் நாட்டில் எந்த அறை அவ்வளவு குளிராக இருக்கிறது? துணி முகக்கவசமோ, பெருந்தொற்றுக் காலத்தில் நாம் பழகிக்கொண்ட மருத்துவ முகக்கவசமோ அந்த ஆவியைத் தடுக்காது. துகளுக்கு வடிகட்டியும் ஆவிக்குக் கரியும் கொண்ட சுவாசக் கவசம் தேவை. தலைக்கவசத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பூசும் இருகலவை மேற்பூச்சில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. விடுதி அறையில் அதைத் தொடவே கூடாது என்பேன்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? பெரும்பாலும் வடிகாலுக்கு. 2019 மார்ச் மாதம் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது 111 பள்ளிகள் மூடப்பட்டன; ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீரில் மாசு கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கே வாளியோடு காத்திருந்தது. அவையெல்லாம் தொழிற்சாலை அளவிலான குற்றங்கள். ஒரு கிண்ணத் தின்னரை அவற்றோடு ஒப்பிடுவது மிகையே. ஆனால் அப்போது நாம் எழுதிய கண்டனங்களை நினைத்துப் பார்க்கும்போது, அதே கையால் வடிகாலில் ஊற்றுவதற்குச் சற்றுக் கூச்சமாவது வர வேண்டும். இதற்கு வழியும் எளியது. கழுவிய தின்னரை மூடிய போத்தலில் சில நாள் வைத்தால் வண்ணம் அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த முறை முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். அடி வண்டலை அறிவியல் புலத்தின் ஆய்வுக்கூடக் கழிவோடு சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அத்தகைய கழிவைக் கையாள 2005 ஆம் ஆண்டு முதலே மலேசியாவில் தனி விதிமுறைகள் உள்ளன; ஆய்வுக்கூடப் பொறுப்பாளருக்கு அது தெரிந்திருக்கும்.

"மலிவானதை வாங்குவோம், ஆண்டுக்கு ஒன்று போனால் போகட்டும்" என்பது பொருளாளர்கள் சிலரின் வாதம். கணக்கில் அது தப்பில்லைதான். ஆனால் ஒருவர் ஒரு கருவியோடு பழகிக் கைவரப் பெறுவதற்கு ஓராண்டு ஆகும். ஆண்டுதோறும் புதிய கருவி என்றால் ஆண்டுதோறும் புதிய கற்றுக்குட்டிதான் மிஞ்சுவார். "இப்போது எல்லாம் அச்சுப் பதாகைதானே, வரைவதே எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. ஆதரவாளர் பெயர்ப் பட்டியலுக்கு அச்சுப் பதாகை போதும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாடகத்துக்காக இருபது பேர் கூடி மூன்று இரவு வரைந்த திரை வேறு. தோட்டப்புறத்திலிருந்தும் நகரத்திலிருந்தும் வந்தவர்கள் முதன்முதலாக நெருங்கிப் பேசிக்கொள்வது அந்தத் திரையைச் சுற்றித்தான். பல அமைப்புகள் வரைவதைக் கைவிட்டதற்கு ஆர்வக் குறைவு காரணமாகச் சொல்லப்படுகிறது. வேலை செய்யும் கருவி ஒன்றுகூட அறையில் இல்லாததும் ஒரு காரணம் என்பதை யாரும் சொல்வதில்லை.

கழுவுவது யார் என்பதில்தான் நம் வழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. மூத்தவர் வரைவார், படம் எடுத்துக்கொள்வார், தேநீர் குடிக்கப் போவார். முதலாமாண்டுத் தம்பியோ தங்கையோ கழுவ வேண்டும். அந்தத் தம்பிக்கு எந்தத் திருகு எங்கே போகும் என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். நாசில் கழுவுதொட்டித் துளைக்குள் விழுந்ததும் திட்டு மட்டும் அவருக்குக் கிடைக்கும். விசையில் விரல் வைத்தவரே கழுவட்டும். இளையவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அதுவே அவருக்குப் பாடம். ஆயுத பூசையன்று இதே கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறோம். பொட்டு வைக்கும் முன் அடைப்பை எடுத்திருந்தால் சரசுவதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

செயலவைகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த நிதியறிக்கையில் புதிய வண்ணப் புட்டிகளுக்கு முன்னால் ஒரு கழுவும் சாடி, ஒரு சுவாசக் கவசம், மாற்று ஊசியும் நாசிலும் இடம்பெறட்டும். பணி அட்டவணையில் "திரை வரைதல், இரவு 8 முதல் 12 வரை" என்று எழுதுகிறவர்கள் 11.30க்கே வரைவதை நிறுத்தி, மீதியைக் கழுவுவதற்கென்று எழுதட்டும். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் கணக்குப் புத்தகத்தோடு ஏர்பிரஷையும் மேசைமேல் வைத்து, பழைய செயலவையிலிருந்து ஒருவர் புதியவர்கள் முன்னிலையில் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்துக் காட்டட்டும். கோடு சீராக வந்தால் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடலாம். வராவிட்டால் ஏன் என்று அங்கேயே கேட்கலாம்.