தானம் வேறு, கடன் வேறு

ஊருக்குப் பக்கத்தில் உள்ள கம்பெனி பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கித் தருகிறது. கண் சிகிச்சை முகாம் நடத்துகிறது. ஏரிக்கரையில் வேப்பங்கன்று நட்டு, தன் பெயர் எழுதிய பலகையும் வைக்கிறது. நல்ல காரியங்கள்தான். வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அதே கம்பெனியின் கழிவுநீர் ஓடையில் இறங்கி, அடுத்த வயல் கிணறு உப்பாகிவிட்டது என்று உழவர் ஒருவர் கேட்கப் போனால், "ஊருக்கு இவ்வளவு செய்கிறார்களே, இதைப் பெரிதுபடுத்தலாமா?" என்று ஊர்ப் பெரியவர்களே அவரை அடக்கிவிடுகிறார்கள். பெஞ்சு ஒரு கணக்கு, கிணறு வேறு கணக்கு. முன்னது தானம். பின்னது கடன். இரண்டும் ஒன்றல்ல என்று சட்டமே சொல்கிறது. நம் உழவர் பெருமக்களில் பலருக்கு இது தெரியாது.

சட்டம் சொல்வது என்ன?

2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. 2014 ஏப்ரல் 1 முதல் இது அமலுக்கு வந்தது. நிகரச் சொத்து மதிப்பு ரூ.500 கோடி, அல்லது ஆண்டு விற்றுமுதல் ரூ.1,000 கோடி, அல்லது நிகர லாபம் ரூ.5 கோடி என்று அப்போது வரம்பு வகுத்தார்கள். இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் அந்தக் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைக் கல்வி, சுகாதாரம், கிராம வளர்ச்சி, மண், நீர்ப் பாதுகாப்பு போன்றவற்றுக்குச் செலவிட வேண்டும். தான் தொழில் நடத்தும் சுற்றுவட்டாரத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இதைத்தான் சமூகப் பொறுப்பு நிதி என்கிறார்கள்.

முதலில், செலவு செய்யாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்று இருந்தது. 2021 ஜனவரியில் விதி இறுகியது. செலவழிக்காத பணத்தை அதற்கென்று உள்ள கணக்கிலோ அரசு நிதியிலோ கட்ட வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. ஆகவே, கம்பெனி தரும் பெஞ்சும் முகாமும் முதலாளியின் கருணை மட்டுமல்ல. சட்டப்படி செலவிட வேண்டிய பணத்தின் ஒரு பகுதியாகவும் அது இருக்கலாம்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எவையெல்லாம் இந்த 2 சதவிகிதக் கணக்கில் சேராது என்றும் விதிகள் சொல்கின்றன. வேறு எந்தச் சட்டப்படி செய்தாக வேண்டிய கடமையானாலும் அதற்கான செலவை இதில் எழுதக் கூடாது. கழிவுநீரைச் சுத்திகரிப்பது 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி ஆலை செய்தாக வேண்டிய வேலை. அதைச் செய்துவிட்டு "ஊருக்குச் சேவை செய்தோம்" என்று கணக்குக் காட்ட முடியாது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பெஞ்சு கொடுத்து ஈடுகட்டவும் முடியாது. அதுபோலவே, கம்பெனியின் வழக்கமான தொழில் வேலையும், தன் சரக்கை விற்பதற்காகச் செய்யும் விளம்பரமும் இதில் சேராது. பூச்சிமருந்துக் கம்பெனி வயல்விழா நடத்தித் தன் மருந்தையே எடுத்துக்காட்டினால் அது வியாபாரம். சமூகப் பொறுப்பு அல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கழிவுநீரில் உள்ள உப்பைப் பிரித்தெடுக்க ஓர் ஆலைக்கு ஆண்டுக்கு ரூ.1 கோடி ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த ஆலை சுத்திகரிக்காமல் இரவோடு இரவாக ஓடையில் திறந்துவிடுகிறது. ரூ.1 கோடி மிச்சம். லாபம் அந்த அளவுக்கு ஏறுகிறது. ஏறிய லாபத்தில் 2 சதவிகிதம், அதாவது ரூ.2 லட்சம், ஊருக்குப் பெஞ்சாகவும் மரக்கன்றாகவும் வருகிறது. மீதி ரூ.98 லட்சம் ஆலையிடமே தங்கிவிடுகிறது. கிணறும் நிலமும் போனது உழவருக்கு. அந்த நஷ்டம் ஆலையின் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அப்படியானால் ஊருக்கு வந்த அந்த ரூ.2 லட்சம் யாருடைய பணம்? உழவரின் பையிலிருந்து எடுத்ததில் ஒரு துளியைத்தான் மாலை மரியாதையோடு திருப்பித் தந்திருக்கிறார்கள்.

ஆகையால் ஒரு கம்பெனி ஒழுங்கானதா என்பதை அது லாபத்தை எப்படிச் செலவிடுகிறது என்பதை வைத்து அளக்கக் கூடாது. அந்த லாபத்தை எப்படிச் சம்பாதிக்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

பாலாறு கற்பித்த பாடம்

வேலூர் வட்டாரத்து உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு, மயிர் நீக்கச் சுண்ணாம்பு, பதப்படுத்தக் குரோமியம் என்று பலவும் அதற்கு வேண்டும். ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று கோர்ட்டிலே பதிவாகியிருக்கிறது. அந்தத் தண்ணீர் அத்தனையும் உப்போடு வெளியேறியது. பாலாற்றில் மேலே தண்ணீர் ஓடாவிட்டாலும் மணலுக்கடியில் ஊற்று உண்டு. கழிவு அதில் இறங்கியது. ஊற்றை நம்பியிருந்த கிணறுகள் கெட்டன. சுமார் 35,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 86,000 ஏக்கர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வு விவரம் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பிலேயே இருக்கிறது.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ம் தேதி தீர்ப்பு வந்தது. தோல் தொழில் அன்னியச் செலாவணி ஈட்டித் தருகிறது, பலருக்கு வேலை தருகிறது என்பதைக் கோர்ட்டு மறுக்கவில்லை. ஆனால் அதற்காக இயற்கையை அழிக்கவோ மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கவோ அந்தத் தொழிலுக்கு உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தெளிவாக்கியது. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்தால் மட்டும் போதாது. கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவும் கெடுத்தவர் தலையில்தான் என்றது.

அதன்பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். தீர்ப்பின்படி அமைந்த ஆணையம், வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு ரூ.26.82 கோடி நஷ்டஈடு என்று 2001-ம் ஆண்டில் கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி ரூ.9,200கூட வரவில்லை. பல ஆண்டு விளைச்சல் போனதற்கு இவ்வளவுதான். அந்தத் தொகையும் எல்லோருக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி ஓயாமல், விவகாரம் மறுபடி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2025 ஜனவரி 30-ம் தேதி கோர்ட்டு மீண்டும் உத்தரவிட்டது. கொடுபடாத நஷ்டஈட்டை 6 வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு, அதைத் தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த உத்தரவு. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்று நிலத்தை இழந்தவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்?

கழிவு உழவரோடு நிற்பதில்லை. 2015 ஜனவரி 31-ம் தேதி இராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். ஆலைக்குள்ளே பிழைக்கப் போனவரும் ஏழைதான், வெளியே கிணற்றை இழந்தவரும் ஏழைதான். இந்த இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கும் பேச்சுக்கு நாம் காது கொடுக்கக் கூடாது.

தொழில் அழிந்துவிடுமா?

"இப்படிக் கெடுபிடி செய்தால் தொழிலே அழிந்துவிடும், உங்கள் பிள்ளைகளுக்குத்தான் வேலை போகும்" என்பார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. ஆலை வேலைக்குப் போவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் திருப்பூரைப் பாருங்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழானபோது, கீழ்மடை ஆயக்கட்டு உழவர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்காடினார்கள். 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பதை உறுதி செய்தது. உத்தரவுகளைச் சாயப்பட்டறைகள் நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு அவற்றை மூடச் சொன்னது. தொழிலாளர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. ஆனாலும் பனியன் தொழில் அழிந்துவிடவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு அது மாறியது. முன்பே மாறியிருந்தால் மூட வேண்டிய நிலையே வந்திராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2 சதவிகித விதி பெரிய கம்பெனிகளுக்கு மட்டும். சிறிய பட்டறைகளும், நாலு பேர் கூட்டாக நடத்தும் தொழில்களும் அதில் வருவதில்லை. ஆனால் பிறர் நீரையும் நிலத்தையும் கெடுக்கக் கூடாது என்ற கடமை பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் உண்டு. கம்பெனிச் சட்டத்தின் 166-வது பிரிவும், டைரக்டர்கள் பங்குதாரர்களுக்கு மட்டுமல்லாமல் தொழிலாளர்கள், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் கருதி நடக்க வேண்டும் என்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, அத்தாட்சி. ஆலை உள்ள பகுதி உழவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கிணற்று நீரையும் மண்ணையும் வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். உப்பின் அளவு, கார அமில நிலை குறித்த சீட்டுகளைப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். தண்ணீர் நன்றாக இருக்கும்போதே முதல் சீட்டு வாங்கிவிட வேண்டும். கெட்ட பிறகு வாங்கும் சீட்டு, எப்போது கெட்டது என்று சொல்லாது.

இரண்டாவது, காலக்கெடு. 2010-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நிலமோ நீரோ பாழான உழவர் நஷ்டஈடு கேட்டு அங்கே மனுச் செய்யலாம். ஆனால் பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்ததிலிருந்து 5 ஆண்டுக்குள் போக வேண்டும். அடுத்த போகம் பார்ப்போம், அதற்கடுத்த போகம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் உரிமை போய்விடும். அதற்கு முன்பே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும், கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, கூட்டு. ஒருவராகப் போனால் வம்புக்காரர் என்பார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டால் அது ஊரின் குரல். கம்பெனி தன் சமூகப் பொறுப்புத் திட்டங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. வீட்டுப் பிள்ளைகளை விட்டுக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊருக்கு எந்த வேலை என்று எழுதியிருக்கிறதோ அது நடந்திருக்கிறதா என்று சபையிலே கேட்கலாம்.

நான்காவது, கையெழுத்து. கம்பெனி ஏரி தூர்வாரிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் "இனி எங்களுக்குப் புகார் ஏதும் இல்லை" என்று ஒரு வரி எந்தக் காகிதத்திலாவது இருந்தால், படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒன்று. 2002-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உழவர்களே சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனி தொடங்க வழி பிறந்தது. இன்று பல ஊர்களில் அவை நடக்கின்றன. அங்கே டைரக்டராக உட்கார்ந்திருப்பவர் உழவர்தான். நாளை அந்தக் கம்பெனி ஜவ்வரிசி ஆலையோ அரிசி ஆலையோ வைத்தால், அதன் கழிவுநீர் எந்த ஓடையில் போகிறது என்று அவரையும் கேட்க வேண்டும். எடையிலும் கணக்கிலும் உறுப்பினர்களுக்கு நேர்மையாக இருப்பதோடு, பக்கத்துக் கிணற்றுக்காரருக்கும் நேர்மையாக இருக்க வேண்டும். அடுத்தவரிடம் கேட்கும் நியாயத்தை நாமே கடைப்பிடித்தால்தான் நம் பேச்சு அம்பலம் ஏறும்.

கம்பெனி தரும் தானத்தை ஊர் நன்றியோடு வாங்கிக்கொள்ளட்டும். அதற்காகக் கடனைத் தள்ளுபடி செய்ய ஊருக்கு அதிகாரம் இல்லை. கிணறு இன்று நம்முடையது. நாளை நம் பிள்ளைகளுடையது.