வேகத்தின் விலை யாருடைய குருதி?

கேரளத்துச் சுண்டன் வள்ளங்களின் அடிப்புறத்தில் மீனெண்ணெய், சிரட்டைக்கரி, முட்டை ஆகியவற்றைக் குழைத்துப் பூசுவது மரபு. படகு வழுக்கிச் செல்லும். நெடுந்தூரப் பனிச்சறுக்கில் ஸ்கீ பலகைக்கு மெழுகு பூசுவதும் இதன்பொருட்டே. ஆயின், பல்லாண்டுகள் கோலோச்சிய ஃப்ளோரின் மெழுகின் வேதிப்பொருள்கள் எளிதில் சிதைவதில்லை. அதனைச் சூட்டில் உருக்கிப் பூசிய பணியாளர்களின் குருதியில் அவை மிகுந்திருந்ததை ஸ்வீடன், நார்வே ஆய்வுகள் காட்டின. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவம் முதல் அதனை முற்றிலும் தடைசெய்தது.

ஈரப்பனியில்தான் ஃப்ளோரின் பெரிதும் உதவும். கடுங்குளிரின் உலர்ந்த, கூரிய பனித்துகள்களுக்குக் கடினமான ஹைட்ரோகார்பன் மெழுகே போதுமானது. எனவே குல்மார்க், ஔலி மன்றப் போட்டியாளர்கள் அதனைக் கைவிடுவதால் இழப்பது சொற்பம். குல்மார்க்கின் பனி உருகி ஜீலத்தில் கலக்கிறது. அந்நீரைப் பருகுவோர் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. உலக அரங்கு விலக்கியதை உள்ளூர்ப் போட்டிகளும் விலக்குவதே அறம்.