சுருட்டுக்கு மார்க்கு, கைக்கு என்ன?

கியூபாவின் 'கோஹிபா பெஹிகே' சுருட்டு வரிசை 2010-ல் வெளிவந்தது. புகையிலைச் செடியின் உச்சியில் முளைக்கும் இரண்டு சிறு இலைகளும் அதில் சேர்கின்றன. எல்லாச் செடியிலும் அவை கிடைக்கா. ஆகவே உற்பத்தி குறைவு, விலையோ ஏராளம்! சீமான்கள் புகையை இழுத்து, மணம் பார்த்து, சாம்பல் உதிராமல் நிற்கிறதா என்று கவனித்து மார்க்குப் போடுகிறார்கள்.

நாம் கேட்கிறோம்: அந்த ருசி எங்கிருந்து வந்தது? சுருட்டை இறுக்கினால் புகை வராது. தளர்த்தினால் சூடேறிக் காரும். இரண்டுமின்றிச் சுருட்டுவது தொழிலாளியின் கை. வெயிலில் நின்று இலை பறிப்பது விவசாயியின் கை.

அந்தக் கைகளுக்குச் சரித்திரம் உண்டு. 1865-லேயே ஹவானா சுருட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் காசு போட்டு, வேலை நேரத்தில் பத்திரிகை வாசித்துக் காட்ட ஆள் வைத்தார்கள். 1866-ல் ஸ்பானிய ஆட்சி அதைத் தடை செய்தது. தடை போயிற்று; வாசிப்பு நிலைத்தது!

தோழர்களே, ருசிக்கு மார்க்குப் போடுவோர் முதல் மார்க்கை உழைப்புக்குப் போடட்டும்!