அமரரும் இல்லை, காலமானவரும் இல்லை

நினைவஞ்சலி விளம்பரங்களில் நாங்கள் அடிக்கடி பார்க்கிற சொல் ‘அமரர்’. பிரித்துப் பார்த்தால் விசித்திரமான சொல்தான். மரணம் வந்த அதே வடமொழி வேர், முன்னால் ஓர் ‘அ’. நீதி, அநீதி மாதிரி. ஆக, அமரர் எண்டால் சாகாதவர். குறளில் இது தேவர்களைக் குறிக்கும்; நாங்கள் செத்தவருக்கு வைக்கிறோம்! அமிர்தமும் இதே வேர்தான். ஆங்கிலத்தின் ‘இம்மோர்ட்டல்’கூட தூரத்துச் சொந்தம்.

தமிழுக்கு இந்த முன்னொட்டு தேவையில்லை. எதிர்மறையை வினைக்குள்ளேயே வைத்துவிடும்: சாகும், சாகாத, சாகாவரம்.

பேச்சில் ‘செத்தவீடு’ எண்டு பட்டென்று சொல்லுகிற நாங்கள், ஆளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ‘மோசம் போயிட்டார்’ எண்டு சுற்றி வளைப்போம். முஸ்லிம் நண்பர்கள் ‘மௌத்தாகிட்டார்’ என்பார்கள். பத்திரிகைக்குப் போனால் ‘காலமானார்’. ‘இறத்தல்’கூட முதலில் கடந்து போதல்தான், இலக்கணத்தில் இறந்தகாலம் எண்டு படித்தது அதனால்தான்.

இவ்வளவு சொல் இருந்தும், ஒன்றையும் வைக்க முடியாத வீடுகள் எங்கட ஊர்களில் இருக்கு. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் ஏந்தியதும் பிள்ளைகளின் படங்களைத்தான். அதற்கு மேல் ‘அமரர்’ எண்டு போட ஏலாது. ‘சாகாதவர்’ எண்ட பொருள் உள்ள சொல்லைப் போட்டாலே பிள்ளை செத்துவிட்டான் எண்டு ஒத்துக்கொண்டதாகிவிடும்.

மிஞ்சினது ‘காணாமல்’. இதிலும் எதிர்மறை உள்ளேயே இருக்கு. ஆனால் அதற்குப் பின்னால் எந்த வினை வருகிறது என்பதில்தான் சண்டை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இருப்பது ‘காணாமற்போன ஆட்கள்’. வீட்டுச் சாவி காணாமல் போன மாதிரி, தானாகவே போய்விட்டார்களாம். தாய்மார் சொல்வது ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’. ஆக்கினவன் ஒருத்தன் இருக்கிறான் எண்டு அந்தச் செயப்பாட்டு வினை சொல்லுது.

செய்தி எழுதுபவர்கள் இரண்டையும் ஒன்றுபோல மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ‘போனோர்’ சின்னச் சொல், தலைப்புக்கு வசதி எண்டு காரணமும் சொல்லலாம். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. நாலைந்து எழுத்து மிச்சம் பிடிக்கிறதுக்காக, பிள்ளையைக் கொண்டுபோனவனை வசனத்திலிருந்து தப்பவிட ஏலாது.