ஒரே வாங்கு, எல்லோருக்கும் ஒரே அளவா?



"தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தம் காணாது. முஸ்லிம் பொம்பளப் பிள்ளைகளுக்கு மைதானம் சரிவராது."

கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது, உடற்தகைமைச் சோதனை முடிந்த ஒரு மாலையில் காதில் விழுந்த பேச்சு இது. இறம்பொடையில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போகும் போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

அன்று செய்தது ஹாவார்ட் படிச்சோதனை. 1943இல் அமெரிக்காவில் இளம் ஆண்களுக்காக வெளிவந்தது. 20 அங்குல வாங்கில் நிமிடத்துக்கு 30 தடவை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பிறகு நாடித்துடிப்பை எண்ணிப் புள்ளி போடுவார்கள். பெண்களுக்கு வாங்கின் உயரத்தைக் குறைக்கும் வழக்கம் பின்னர் வந்தது. எங்களுக்கோ ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே வாங்கு. நான் அபாயாவைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

4 அடி 11 அங்குல உயரமான தோழிக்கு அந்த வாங்கு அவள் உயரத்தில் மூன்றிலொரு பங்கு. 5 அடி 10 அங்குல விளையாட்டு வீரருக்கு அப்படியா? அவள் குள்ளமாகப் போனதற்கும் காரணம் இருக்கலாம். 2016 குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம். பெருந்தோட்டத்தில் 32 வீதம். தாயின் உணவும் லயத்து வாழ்க்கையும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. அதே பிள்ளைதான் தினமும் மேடு ஏறிப் பாடசாலைக்கு வந்தவள். அதற்கு யாரும் புள்ளி போடவில்லை.

ஒப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு குழுவின் புள்ளி குறைந்தால், அவர்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்று தேடத்தான் ஒப்பீடு வேண்டும். சாப்பாடா, விளையாடும் நேரமா, பெண்கள் ஆண்களின் பார்வையில்லாமல் ஓட ஓர் இடமா? அதைத் தேடாமல் "இவர்கள் இப்படித்தான்" என்று முடித்தால் அது சோதனை இல்லை, முத்திரை குத்துவது. பயிலுநராக அதைக் கேட்டவர், நாளைக்கு ஆசிரியராகித் தன் வகுப்பிலும் அதையே சொல்வார்.

உடற்கல்வி பொறுப்பாசிரியர்களிடம் மூன்று விடயங்கள் கேட்கிறேன். உயரத்துக்கு ஏற்ற வாங்கு வையுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கிழமையில் இரண்டு பாடவேளையாவது தனியாக மைதானம் கொடுங்கள். தவணைத் தொடக்கத்தில் எடுத்த புள்ளியோடு தவணை முடிவில் அதே பிள்ளையின் புள்ளியை ஒப்பிடுங்கள்.

பக்கத்துப் பிள்ளையை முந்தினாளா என்பதை விளையாட்டுப் போட்டியில் பார்த்துக்கொள்வோம். வகுப்பில், நேற்றைய தன்னை முந்தினாளா என்று பார்ப்போம்.