நாலு வருசம் போனது தெரியவில்லை



யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா நாளில் வெளிமாவட்டத் தாய்மாரை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். விடியப்புறம் பஸ் ஏறிய களை முகத்தில் இருக்கும். கையில் சாப்பாட்டுப் பை இருக்கும். சேலை மட்டும் கசங்காமல் இருக்கும்; அதை வந்த இடத்தில்தான் மாற்றியிருப்பார்கள். மன்னாரிலிருந்து நானும் தங்கையும் அப்படித்தான் போனோம். தகப்பன் இருக்க வேண்டிய கதிரையில் நான் இருந்தேன். அவர் 2009இல் காணாமற் போனவர்.

பெயர் வாசித்து, மேடையேறி, பட்டம் வாங்கி இறங்க அரை நிமிடமும் இல்லை. தங்கை கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் பிள்ளை மறுபக்கத்தால் இறங்கிவிட்டாள்.

பிறகு பரமேசுவரன் கோயிலடியில் படம் எடுத்தார்கள். 1921இல் சேர் பொன். இராமநாதன் தொடங்கிய பரமேசுவராக் கல்லூரி இருந்த வளவு அது. 1974இல் அங்கேதான் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. மட்டக்களப்புப் பிள்ளையும் குருநாகலிலிருந்து வந்த சிங்களப் பிள்ளையும் இவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். இனி யார் யாரை எப்போது காண்பது? "பெரியம்மா, நாலு வருசம் எப்பிடிப் போனதெண்டே தெரியேல்லை" என்றாள் மகள்.

அவள் கவலையோடு சொன்னாள். எனக்கோ உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. போனது தெரியாமல் போக வேண்டுமென்றால், இடையில் யாரும் மறிக்காமல் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இதே பல்கலைக்கழகத்தில் முன்பு படித்தவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் தெரிந்துதான் போனது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, பாதிப் படிப்போடு கொப்பியைச் சுமந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள் இருக்கிறார்கள். 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை மூண்டு ஏ-9 பாதை பூட்டுப்பட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் குடாநாட்டுக்குள் அகப்பட்டார்கள். வீட்டுக்கு வர அனுமதி எடுத்து, கப்பலில் திருகோணமலை போய், அங்கிருந்து சுற்றி மன்னாருக்கு வரவேண்டும். இன்று பூநகரியால், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, சில மணித்தியாலத்தில் போகிறோம்.

அவர்களாவது பல்கலைக்கழக வாசலைக் கண்டவர்கள். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது மன்னார்த் தீவில் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு மாணவப் பருவம் ஒரு கிழமையில் முடிந்தது. சிலர் மடுவில் தறப்பாளின் கீழ் இருந்தோம். சிலர் வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் பதிந்தார்கள். அந்த ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டித் தோழியரும் மற்ற முஸ்லிம் மக்களோடு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போனார்கள். ஒரே வாங்கில் இருந்தவர்கள், விடைபெறக்கூட இல்லை. கட்டிப்பிடித்து அழுவதற்கு ஒரு நாள் குறித்துத் தருவதும் பெரிய கொடைதான்.

தங்கை கருவாடு போட்டுத்தான் விடுதிக் காசு அனுப்பினாள். மகாபொலவும் கைகொடுத்தது. "பெட்டையை ஏன் அவ்வளவு தூரம் விடுறாய்?" என்று கேட்காத ஆளில்லை. "அவளின்ரை தகப்பன் இருந்தால் விட்டிருப்பார்" என்பாள். அதற்குமேல் யாரும் கதைப்பதில்லை.

உயர்தரப் பெறுபேறு வந்த வீடுகளில் இதைக் கட்டாயம் யோசியுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் மன்னார் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேலாக, அத்தகைய மாவட்டங்களுக்கென உள்ள 5 வீதத்திலும் எங்கள் பிள்ளைகளுக்குப் பங்குண்டு. கலியாணம் பேசி வருகிறார்கள் என்பதற்காக அந்த இடத்தை விட்டுவிட்டால், பிறகு கேட்டு வாங்க முடியாது.

எங்கள் மாதர் சங்கத்தில் ஐம்பதைக் கடந்த ஒருவர் இருக்கிறார், கணவனை இழந்தவர். சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எந்த வயதிலும் தோற்றலாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அவர் பின்னேரங்களில் பேரனின் கணிதப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு இருக்கிறார். பேரனுக்குத்தான் இப்போது புத்தகம் கிடைப்பதில்லை.